கம்போடியாவில் தொண்டூழிய ஆசிரியர்: உங்கள் கேள்விகள்

கம்போடியாவின் வடமேற்கில் பாட்டம்பாங் மாகாணத்தில், ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, ஒரு நாள் எப்படிப் போகும்? (கல்லூரி மாணவி, கோவை)

விடிவதற்குள் எழுந்துவிடுவீர்கள். வகுப்பறைகளும் ஆசிரியர்களும் போதாததால் பல அரசுப் பள்ளிகள் இரண்டு ஷிப்டில் நடக்கின்றன. காலை 7 முதல் 11 வரை ஒரு கூட்டம், மதியம் 1 முதல் 5 வரை இன்னொரு கூட்டம். சனிக்கிழமையும் பள்ளி உண்டு. நடுவில் கிடைக்கும் 2 மணி நேரத்தில் ஊரே, உயரக் கால்களில் நிற்கும் மரவீடுகளின் அடியில் தூளி கட்டிப் படுத்துவிடும். நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள், அந்த வெயிலில் வேறெதுவும் ஓடாது. மே முதல் அக்டோபர் வரை மழை. செம்மண் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து கைகூப்பி, ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள்.

கம்போடியர்களின் கெமர் மொழி தெரியாமல் பாடம் நடத்த முடியுமா? (தனியார் பள்ளி ஆசிரியர், திருச்சி)

சார், நீங்கள் தனியாக நடத்தவே வேண்டாம் என்பேன். உள்ளூர் ஆசிரியரை வெளியே உட்காரவைத்துவிட்டு வெளிநாட்டார் ஒருவர் வகுப்பெடுத்தால், அவர் விமானம் ஏறிய மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து பாடம் தயாரியுங்கள், சேர்ந்தே நடத்துங்கள். மெல்ல மெல்ல நீங்கள் பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

ஓர் உதாரணம். கெமர் மொழியில் சொல்லின் கடைசியில் 'ஸ்' ஒலி நிற்பதில்லை, மூச்சாகக் கரைந்துவிடும். 'ட்' ஒலியும் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் 'ரைஸ்', 'ரைட்' இரண்டும் நம் காதுக்கு 'ரை' என்றே விழும். நானும் என்னோடு பாடம் எடுத்த ஆசிரியையும் சோற்றுப் படத்தை ஒரு சுவரிலும், எழுதும் கையின் படத்தை எதிர்ச்சுவரிலும் ஒட்டினோம். அவர் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளைகள் சரியான சுவரைக் காட்ட வேண்டும். அப்புறம் பிள்ளைகள் சொல்ல, நாங்கள் காட்டினோம். முதலில் எல்லாக் கைகளும் சோற்றுப் பக்கமே போயின. காது பழகிய பிறகு நாக்கும் வந்தது. சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' வந்தால் அவர்களுக்குச் சிரமமே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் 'இஸ்கூல்' என்பதை அவர்கள் சுத்தமாக 'ஸ்கூல்' என்பார்கள். இறந்தகாலத்துக்குத்தான் பொறுமை வேண்டும். கெமர் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதில்லை.

சீம் ரீப் நகரில் ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் பாடம் எடுக்கப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (ஐடி ஊழியர், சென்னை)

கட்டாதீர்கள் தம்பி. அங்கே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். பக்கத்திலுள்ள அங்கோர் கோயில்களைப் பார்க்க வருபவர்களின் நன்கொடை இருக்கும்வரை, பிள்ளைகளை இல்லத்திலேயே வைத்திருப்பது சிலருக்கு வருமானம். இரண்டு வாரத்துக்கொருமுறை புதுமுகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தையை என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றுலாக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் காட்சிப்பொருள் அல்ல என்று அங்கே பிரசாரமே நடந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

விசா?

சுற்றுலா விசாவில் பாடம் எடுக்கக் கூடாது. 'இ' (E) வகை விசாவில் போய், அங்கே நீட்டித்துக்கொள்ள வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை அனுமதி தேவை. அனுப்பும் அமைப்பிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? (இல்லத்தரசி, மயிலாப்பூர்)

முடியும், ஆனால் சமையல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ப்ராஹோக் என்ற புளிக்கவைத்த மீன் விழுது பல குழம்புகளில் இருக்கும், மீன் சாறு அதைவிட அதிகம். புத்த நாடு, சைவம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள் அம்மா, பிக்குகளும் மீன் சாப்பிடுவார்கள். சந்தைக்குப் போனால் கவலையில்லை. அரிசி, முருங்கைக்கீரை, வாழைப்பூ, வள்ளைக்கீரை, மாங்காய் எல்லாம் உண்டு. பெருங்காயமும் துவரம்பருப்பும் மட்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

பிள்ளைகள் திடீரென்று வராமல் போவார்களா?

போவார்கள். நடவும் அறுப்பும் வந்தால் வகுப்பு காலியாகும். தாய்லாந்து எல்லை பக்கம் என்பதால், நான் இருந்தபோது பல பெற்றோர் அங்கே கூலி வேலைக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்ந்தார்கள். வராத பிள்ளையை வகுப்பில் வைத்துத் திட்டாதீர்கள். ஆசிரியையோடு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அன்பாகத்தான் என்றாலும் தலையில் கை வைக்காதீர்கள், அங்கே அது மரியாதைக்குறைவு.

கெமர் ரூஜ் காலத்தைப் பற்றிக் கேட்கலாமா?

நீங்களாகத் தொடங்க வேண்டாம். கெமர் ரூஜ் என்பது கம்போடியாவை ஆண்ட தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கம். 1975 முதல் 1979 வரை பள்ளிகளை மூடி, படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். தலைநகர் ப்னோம் பென்னில் அவர்கள் நடத்திய துவோல் ஸ்லெங் சிறை ஓர் உயர்நிலைப் பள்ளியாக இருந்த கட்டடம். மூத்த ஆசிரியர் ஒருவர் தாமாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஆசிரியப் பயிற்சி இல்லாதவர் போகலாமா? (ஐடி ஊழியர், பெங்களூரு)

முதலில் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு வருடம் மாலை வகுப்பு எடுத்துப் பாருங்கள். பிறகு விண்ணப்பிக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: நான் எந்த ஆசிரியரோடு வேலை செய்வேன்? ஆள் வேண்டும் என்று அந்தப் பள்ளியே கேட்டதா? நான் கிளம்பிய பிறகு வகுப்பு யார் பொறுப்பு? தெளிவான பதில் வராவிட்டால் வேறு அமைப்பைப் பாருங்கள்.