அப்பாவின் சீருடைப் படமும் ஏஐ செயலியும்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லைப் பகுதியில் பணிபுரிகிறார். எங்கள் மகன் அவருடைய சீருடைப் படத்தை ஓர் ஏஐ செயலியில் ஏற்றி, கார்ட்டூனாக மாற்றி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். இதனால் அவருக்குச் சிக்கல் வருமா?
– வாசகி, கணியம்பாடி

பதில்: ஒரு படத்தால் நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடாது, ஆகவே பையனை அதட்ட வேண்டாம். ஆனால் அந்தப் படத்தோடு வேறு எவையெல்லாம் சேர்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

உங்களுக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் அளவுக்கு அங்கே படைவீரர் குடும்பங்கள் அதிகம். அத்தகைய ஊரில் ஒரு வீட்டார் ‘லீவு ரத்தாகிவிட்டது’ என்று ஸ்டேட்டஸ் வைத்தால் அது குடும்பச் செய்தி. ஒரே வாரத்தில் முப்பது வீட்டார் வைத்தால் அது படை நகர்வைப் பற்றிய துப்பு. முன்பு இத்தகைய துணுக்குகளைத் தேடிச் சேர்த்துப் பொருள் காண ஆட்களும் மாதங்களும் தேவைப்பட்டன. தமிழில் எழுதியதையும் படித்து, முகங்களை ஒப்பிட்டு, தேதிவாரியாக அடுக்கும் வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு மிகக் குறைந்த செலவில் முடித்துவிடுகிறது. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த ராணுவ முகாம்களின் அமைப்பு வீரர்களின் ஓட்டப் பாதைகளாகவே தெரிந்தது. அவர்களில் யாரும் ரகசியம் எதையும் சொல்லவில்லை. ஓடியதை மட்டுமே பதிவு செய்திருந்தார்கள்.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். ஸ்டேட்டஸை நீக்கிவிடலாம், செயலியில் ஏற்றிய மூலப் படத்தை அவ்வளவு உறுதியாகத் திரும்பப் பெற முடியாது, ஏனெனில் அது அந்த நிறுவனத்தின் சர்வருக்குச் சென்றுவிட்டது. கைப்பேசியில் எடுத்த படத்தில் இடமும் நேரமும் பதிந்திருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். அவை இல்லாவிட்டாலும், பின்னணியில் தெரியும் மலை, சாலைப் பலகை, கட்டட அமைப்பு ஆகியவற்றைக் கொண்டே இடத்தை ஊகிக்கும் திறன் இன்றைய ஏஐ மாதிரிகளுக்கு உண்டு. பெயர்ப்பட்டையும் படைப்பிரிவுச் சின்னமும் தெரியும் படங்களை எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள். ராணுவம் 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்குமாறு வீரர்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் அந்த உத்தரவு வீட்டிலுள்ளவர்களின் கைப்பேசிக்குப் பொருந்தாது, ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை. மூன்று வினாடி ஒலிப்பதிவைக் கொண்டே ஒருவரின் குரலைப் போலச் செய்யும் ஏஐ மாதிரியை மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரியிலேயே அறிவித்தது. கணவரின் குரலில் யாரேனும் அழைத்துப் பணமோ, உடன் பணிபுரிவோர் விவரமோ கேட்டால் தொடர்பைத் துண்டித்து, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரை அழையுங்கள். உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சொல்லை அடையாளமாக இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், அது ஊருக்கே தெரியும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

எந்தச் செயலி, எந்தப் படம், எந்த நாள் என்பதைக் குறித்து வைத்து, கணவர் அடுத்த முறை அழைக்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். தம் அதிகாரியிடம் தெரிவிப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.