பட்டனுக்கு நிழல் போடுற பொண்ணை எதுக்கு சார் இன்ஜினியரிங்ல தள்ளுறீங்க?

சார், ஸ்கூல் முடிச்ச பொண்ணு ராப்பகலா போட்டோஷாப்லயே உக்காந்திருக்கா, வெப்சைட்ல அமுக்குற பட்டனுக்கு நிழல் போடுறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டிருந்தீங்க. பயப்படுறதுல தப்பில்ல. ஆனா உங்க மச்சான் சொல்றாருன்னு கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேக்கப் போறேன்னீங்க பாருங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். கணக்கு பிடிக்கலன்னு அவளே வாய்விட்டு சொல்றா. நாலு வருஷம் படிக்கப்போறது அவ, வட்டி கட்டப்போறது நீங்க, மச்சானுக்கு என்ன போச்சு?

இன்ஜினியரிங் பத்தி சொல்ல ஊர்ப்பட்ட ஆளுங்க இருக்காங்க, அதை விடுங்க. வெப் டிசைன்ல அழகா வரையுறவங்க கிடைச்சிடுவாங்க, டெவலப்பர் (டிசைனைப் பாத்து கோடு எழுதி வெப்சைட் ஆக்குறவர்) திறந்ததும் புரியுற மாதிரி ஃபைலை ஒழுங்கா வெச்சிருக்குற ஆளைத்தான் தேடணும். உங்க பொண்ணு அனுப்பின பிஎஸ்டி (போட்டோஷாப்) ஃபைலைத் திறந்து பாத்தேன். ஒரு பட்டனுக்கு டிராப் ஷேடோ (நிழல்), கிரேடியன்ட் ஓவர்லே (மேல படியுற கலர் கலவை), ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) மூணையும் செட் பண்ணிட்டு, மத்த பட்டனுக்கெல்லாம் ஆல்ட் கீயை அமுக்கிக்கிட்டே எஃபெக்ட் இருக்குன்னு காட்டுற எஃப்எக்ஸ் ஐகானை இழுத்து விட்டிருக்கா (ஆல்ட் இல்லாம இழுத்தா காப்பி ஆகாது, எஃபெக்ட்டே அங்க போயிடும், புதுசா வர்றவங்க இதுலதான் முழிப்பாங்க). குளோபல் லைட் (எல்லா நிழலுக்கும் ஒரே வெளிச்சக் கோணம்) ஆன்ல இருக்கு, அதனால ஒரு இடத்துல கோணத்தை மாத்தினா பக்கம் பூரா நிழல் சேந்து திரும்புது. எதையும் ராஸ்டரைஸ் பண்ணல, அதாவது எஃபெக்ட்டை படத்தோட கலந்து நிரந்தரமாக்கல, நாளைக்கு க்ளையன்ட் நிழல் வேணாம்னா கண் ஐகான்ல ஒரு தட்டு தட்டினா போதும். நிழலுக்கு வெளிச்சக் கோணம் 90 (நேர் மேல இருந்து), டிஸ்டன்ஸ் (தள்ளி விழுற தூரம்) 4, சைஸ் (மங்கல்) 8, ஸ்ப்ரெட் (பரவல்) 0. டெவலப்பர் இதைப் பாத்து சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்தை எழுதுற கோடு) நிழலுக்கான பாக்ஸ்-ஷேடோவுக்கு பக்கவாட்டுல 0, கீழ 4, பிளர் 8 பிக்சல்னு நேரா எழுதிடலாம். 120 டிகிரி வெச்சிருந்தா நிழல் சாய்வா விழும், பக்கவாட்டுல எவ்வளவு கீழ எவ்வளவுன்னு சைன், காஸ் போட்டு பிரிக்கணும், கணக்கு பிடிக்காததாலதான் 90 வெச்சாளோ என்னமோ, முடிவு சரியான முடிவு.

ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டா. இமேஜ் சைஸைப் பாதியா குறைக்கும்போது எஃபெக்ட்டும் சேந்து சுருங்கணும்கிற ஸ்கேல் ஸ்டைல்ஸ் டிக்கை எடுத்துட்டா போல, பட்டன் சின்னதாயிடுச்சு, நிழல் மட்டும் பழைய பருமன்லயே தொங்குது. சொன்னா ஒரு நிமிஷத்துல திருத்திடுவா.

ஆனா போட்டோஷாப் மட்டும் தெரிஞ்சா வேலை கிடைக்கும்னு நான் சொல்லவே மாட்டேன். எச்டிஎம்எல் (பக்கத்தோட கட்டமைப்பை எழுதுற கோடு), சிஎஸ்எஸ் கையால எழுதத் தெரியணும், ஃபிக்மாவும் பழகணும், இப்ப நிறைய டீம் ஸ்க்ரீன் டிசைனை அதுலதான் பண்றாங்க. இதுக்காக மல்டிமீடியா கோர்ஸ்னு பெரிய ஃபீஸ் கேக்குற இடத்துக்கும் போகாதீங்க, கடன் எதுக்கு வாங்கினாலும் கடன்தான். ஃபோட்டோபீங்கிற சாஃப்ட்வேர் பிரவுசர்லயே பிஎஸ்டியைத் திறக்குது, காசில்லாத ஜிம்ப் சாஃப்ட்வேர்ல கூட 2025ல வந்த 3.0ல இருந்து எஃபெக்ட்டை பின்னாடி மாத்திக்கலாம். ஃபீஸ் கம்மியான, அவளுக்குப் பிடிச்ச ஒரு டிகிரியில சேத்து விடுங்க, கூடவே இந்தப் பக்கத்தையே அவளை கோடா எழுதி டிசைனோட பக்கத்துல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, நிழல் ரெண்டுலயும் ஒண்ணா விழுந்தா போர்ட்ஃபோலியோல (செஞ்ச வேலைகளைக் காட்டுற தொகுப்பு) முதல் வேலையா அதைப் போடலாம்.

காலேஜ்ல அட்வான்ஸ் ஏதும் கட்டியிருந்தா அதைத் திரும்பக் கேக்குற வேலையை இந்த வாரமே ஆரம்பிங்க சார், மச்சான்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்.