உலக விவகாரம் படிக்க ஆசைப்படும் மகளும், கவலைப்படும் அம்மாவும்

அம்மா, உங்கள் மகள் போர், அகதிகள், பருவநிலை மாற்றம் போன்ற உலகப் பிரச்சினைகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்கிறாள். நீங்களோ, “செய்தி பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு ஒரு பட்டமா? படித்துவிட்டு எந்த வேலைக்குப் போவாள்?” என்று கேட்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனி கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரு உதாரணம் போதும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. 400 மீட்டர் நீளக் கப்பல். ஆறு நாள் போக்குவரத்தே நின்றது. பிறகு கப்பல் மிதந்தது, செய்தியும் முடிந்தது. வகுப்பறையில் பாடம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கப்பலின் உரிமையாளர் ஒரு ஜப்பானிய நிறுவனம். வாடகைக்கு எடுத்து இயக்கியது தைவான் நிறுவனம். பதிவு பனாமாவில். தொழில்நுட்ப நிர்வாகம் ஜெர்மன் நிறுவனத்தின் கையில். மாலுமிகள் இந்தியர்கள். சிக்கிய இடம் எகிப்து. சரி, நஷ்டத்தை யார் கொடுப்பது? எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்? கால்வாய் ஆணையம் முதலில் கேட்ட தொகை 91.6 கோடி டாலர். பேரம் பேசி முடித்துக் கப்பல் கிளம்ப ஜூலை ஆகிவிட்டது. இதற்கிடையில், கப்பலை மீட்ட செலவில் அதில் சரக்கு ஏற்றியவர்களும் பங்கு தர வேண்டும் என்ற பழைய கடல் வணிக விதியை உரிமையாளர் கையில் எடுத்தார். தப்பே செய்யாத ஒரு வியாபாரி, தன் கன்டெய்னரை மீட்கப் பணமோ உத்தரவாதமோ கொடுக்க வேண்டிய நிலை.

சட்டம், பொருளாதாரம், காப்பீடு, வரலாறு எல்லாம் இந்த ஒரே சம்பவத்துக்குள் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்க்கப் பழக்குவதுதான் நல்ல பாடத்திட்டத்தின் வேலை. தினமும் செய்தி பார்ப்பதால் இது வராது.

‘நல்ல’ பாடத்திட்டம் என்று சொன்னேன், கவனித்திருப்பீர்கள். எல்லாமே அப்படி இல்லை. ஒரு வாரம் வறுமை, அடுத்த வாரம் பயங்கரவாதம், அதற்கடுத்த வாரம் பெருந்தொற்று என்று தலைப்புகளைத் தொட்டுவிட்டு ஓடும் படிப்புகளும் உண்டு. மாணவர்கள் விரும்பிப் படிப்பார்கள், வகுப்பில் நன்றாக விவாதிப்பார்கள், நேர்முகத் தேர்வில் “உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?” என்றால் விழிப்பார்கள். அதனால் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் பாடப்பட்டியலை வாங்கிப் படியுங்கள். புள்ளியியல் கட்டாயப் பாடமாக இருக்கிறதா? பொருளாதாரத்தின் அடிப்படை இருக்கிறதா? சர்வதேசச் சட்டம்? ஒரு அந்நிய மொழி? கடைசி ஆண்டில் சொந்தமாக ஆய்வு செய்து எழுத வேண்டுமா? இவற்றில் பாதிகூட இல்லாத இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

படிப்பின் பெயர் உங்களைக் குழப்பலாம். சர்வதேச உறவுகள் என்றால் அரசுகள், போர், ராஜதந்திரம். இந்தத் துறைக்கென முதல் பேராசிரியர் பதவி 1919இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தப்பட்டது. வளர்ச்சி ஆய்வுகள் என்றால் வறுமை, கல்வி, சுகாதாரம் பக்கம். உலகளாவிய ஆய்வுகள் எல்லாவற்றையும் கலந்தது. பலமும் பலவீனமும் அதில்தான்.

ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். கணக்கிலிருந்து தப்பிப்பதற்காக இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. உங்கள் மகளும் அந்தக் காரணத்துக்காக வருகிறாள் என்றால் இப்போதே பேசிவிடுங்கள். அகதிகள் எத்தனை பேர், எங்கிருந்து எங்கே போகிறார்கள், உணவு விலை எவ்வளவு ஏறியது, வெப்பநிலை எவ்வளவு கூடியது என்று எதைத் தொட்டாலும் எண்கள்தான். அட்டவணையைப் பார்த்தால் மிரளும் பட்டதாரிக்கு இந்தத் துறையில் கதவுகள் குறைவு.

இனி வேலை. எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஐ.நா. அங்கே என்ன நிலைமை என்று தெரிந்துகொண்டு ஆசைப்படட்டும். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. தங்கும் செலவும் நம்முடையது. இளம் வல்லுநர்களுக்கான தேர்வு ஒன்று உண்டு. வயது 32க்கு மேல் போகக்கூடாது, அதிலும் அந்த ஆண்டு ஐ.நா. அறிவிக்கும் பட்டியலில் உள்ள நாடுகளின் குடிமக்கள்தான் எழுத முடியும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு, சீனம், ரஷ்யன் என ஆறு ஆட்சி மொழிகள். இவற்றில் இரண்டு நன்றாகத் தெரிந்தவருக்குக் கூடுதல் மதிப்பு. கனவு காணட்டும், அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம்.

அதிகம் பேசப்படாத வேலைகள் பக்கம் திரும்புங்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்தபோது, பல கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக முடிவெடுத்தன. அப்படி ஒரு முடிவுக்குப் பின்னால், அந்தப் பகுதியின் அரசியலைப் படித்து “ஆபத்து இவ்வளவு” என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கிகளில், எந்த நாட்டின் மீது என்ன பொருளாதாரத் தடை இருக்கிறது என்று பார்த்துப் பணப் பரிமாற்றத்தைச் சோதிக்க ஆள் தேவை. 2023 அக்டோபரிலிருந்து, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவருபவர்கள் அவற்றின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் கணக்குக்கான விவரங்களைப் பொருளை உற்பத்தி செய்யும் நிறுவனம்தான் தயாரித்துக் கொடுக்க வேண்டும். அங்கே விதியைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வேண்டும், எண்ணைச் சரிபார்க்கவும் வேண்டும். இரண்டும் தெரிந்த ஆள் சுலபத்தில் கிடைப்பதில்லை. இந்த வேலைகளின் பெயரில் ‘உலகம்’ என்ற சொல்லே இருக்காது, அதனால் விளம்பரத்தில் பார்த்தாலும் தாண்டிப் போய்விடுவோம். நிவாரண அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகைகள், அரசுப் பணித் தேர்வுகள் எல்லாம் நீங்கள் அறிந்தவைதான்.

விண்ணப்பிப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை வைக்கலாம். மகளை ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பருவநிலை என்றால் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்கட்டும். மொத்தம் 29 பிரிவுகள்தான். அகதிகள் என்றால் 1951 அகதிகள் உடன்படிக்கை. அதில் அகதி என்பவர் யார் என்று சொல்லும் முதல் பிரிவையும், உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிற 33ஆம் பிரிவையும் ஊன்றிப் படிக்கட்டும். அப்புறம் உலக வங்கியின் தரவுத் தளத்தில், அது இலவசம், பொருத்தமான எண்களை எடுத்து இரண்டு பக்கம் எழுதட்டும். கருத்து எழுதக்கூடாது, என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, யார் பாதிக்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு பக்கம் முடித்த பிறகும் இன்னும் தோண்டத் தோன்றினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். விவாதம் மட்டும்தான் பிடிக்கிறது, ஆவணம் அலுக்கிறது என்றால் இதழியல் ஒத்துவரலாம். ஆவணம் பிடித்து எண் மட்டும் அலுத்தால் சட்டம்.

மகளால் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், இளங்கலையில் பொருளாதாரமோ புள்ளியியலோ சட்டமோ படித்துவிட்டு முதுகலையில் உலக விவகாரத்துக்கு வருவதுதான் பாதுகாப்பான பாதை என்பது என் எண்ணம். இன்றைய சூடான தலைப்பு பட்டம் வாங்கும்போது ஆறிப்போயிருக்கலாம். 2019இல் பெருந்தொற்றுக் கொள்கையைத் தேடிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர், அடுத்த ஆண்டே உலகம் அவர்களைத் தேடியது. எது எப்போது சூடாகும் என்று உங்களாலும் என்னாலும் கணிக்க முடியாது.

இன்னொன்று, சின்னதுதான். தினமும் போரையும் பட்டினியையும் படிக்கிற பிள்ளைகள் சில நேரம் வாடிப்போவார்கள். “இதை ஏன் எடுத்தாய்” என்று அப்போது ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேளுங்கள்.

பாதி வழியில் மனம் மாறினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் ஆண்டிலேயே புள்ளியியலும் பொருளாதாரமும் எடுத்திருந்தால் வேறு துறைக்கு மாறும்போது அந்தப் பாடங்களைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். மாறுவதற்கு என்ன விதி, கடைசித் தேதி எது என்பதைச் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.