ஃபிளெக்ஸ்-ஃபியூவல் இன்ஜின் ப்ராஜெக்ட்: உழைப்பை எங்கே போட வேண்டும்?

பெட்ரோல்-எத்தனால் கலவையில் ஓடும் ஃபிளெக்ஸ்-ஃபியூவல் இன்ஜினின் எரிதல் நேர மாடலிங்கை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மின்வாகனம் பெருகும் காலத்தில் இது வீணாகிவிடுமோ என்பது உங்கள் அப்பாவின் கவலை. தயங்காமல் எடுங்கள். பிரேசிலில் 2003 முதல் இத்தகைய கார்கள் விற்பனையில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், அளந்த தரவைச் சுத்தப்படுத்தி, சிறிய மாதிரியாக்கி, நேர்மையாகச் சோதிக்கும் பழக்கம். பேட்டரி மாடலிங்குக்கும் அதேதான் வேண்டும்.

நீங்கள் கணிக்க வேண்டியது சிஏ50, அதாவது எரிபொருளில் பாதி எரிந்திருக்கும் க்ராங்க் கோணம் (க்ராங்க் தண்டு சுழன்ற அளவு). நாக் (கலவை தானாகவே பற்றித் தட்டுவது) இல்லாத நிலையில் அது டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, பின் 8 முதல் 10 டிகிரியில் விழுந்தால் டார்க் (சுழற்றும் விசை) உச்சத்தில் இருக்கும். ஸ்பார்க்கிலிருந்து 10 சதவீதம் எரியும் வரை ஒரு பகுதி, 10 முதல் 90 சதவீதம் வரை இன்னொரு பகுதி எனப் பிரித்து, வைபே சார்பை (கோணத்தோடு எரிந்த பங்கு கூடுவதைக் காட்டும் சமன்பாடு) பொருத்துங்கள். வேகம், சிலிண்டரில் சிக்கிய காற்றின் நிறை, ஸ்பார்க் நேரம், எத்தனால் சதவீதம், மிச்ச வாயு (முந்தைய சுழற்சியில் எரிந்து சிலிண்டரில் தங்கியது) ஆகியவை உள்ளீடுகள்.

பலர் சறுக்குவது மாதிரியில் அல்ல, அழுத்தத் தரவில். சிலிண்டரில் பொருத்தும் பீசோ சென்சார் அழுத்த மாற்றத்தை மட்டுமே காட்டும். முழு அழுத்தத்தை நாம்தான் நிலைநிறுத்த வேண்டும். அதற்காக அமுக்க வளைவை (பிஸ்டன் வாயுவை அமுக்கும்போது அழுத்தம் ஏறும் விதம்) பயன்படுத்தினால், உள்வால்வு மூடிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள். வால்வைத் திறந்து மூடும் கேம் பின்தள்ளப்படும்போது வால்வு தாமதமாக மூடும். கணக்கிடும் கோண எல்லையை மாற்றாமல் விட்டால் வால்வு திறந்திருக்கும் பகுதியும் உள்ளே வந்து, வெப்ப வெளியீட்டு வளைவு முழுவதும் கோணலாகும். டிடிசி குறியீடு 1 டிகிரி தவறினாலும் சிஏ50 ஏறக்குறைய அதே அளவு நகரும். சுழற்சிக்குச் சுழற்சி எரிதல் மாறுவதால், 100-க்குக் குறையாத தொடர் சுழற்சிகளின் சராசரியை எடுங்கள்.

எரிபொருளின் விளைவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. எத்தனாலுக்கு ஆவியாகும் வெப்பமும் ஆக்டேனும் அதிகம். குறைந்த லோடில் இது சிஏ50-ஐப் பெரிதாக மாற்றாது. அதிக லோடில் பெட்ரோலுக்கு நாக் வராதிருக்க ஸ்பார்க்கைப் பின்தள்ள வேண்டும். இ85-க்கு (85 சதவீதம் வரை எத்தனால் உள்ள கலவை) அந்தக் கட்டாயம் வெகுவாகக் குறையும். ஆகவே அதிக லோடு புள்ளிகள் இல்லாத தரவை வைத்து எரிபொருள் விளைவைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

மிச்ச வாயுவை நேரடியாக அளப்பது கடினம். வால்வு ஓவர்லேப் (உள்வால்வும் வெளிவால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) கூடும்போது, குறைந்த லோடில் எரிந்த வாயு திரும்பி உள்ளே வந்து எரிதலை மந்தமாக்கும். இந்த ஒரு மதிப்பைத் தட்டிச் சரிசெய்தே எல்லாப் பிழையையும் மறைத்துவிடலாம் என்பதுதான் ஆபத்து. அதனால் சோதனைத் தரவை வரிசை வரிசையாகத் தற்செயலாகப் பிரிக்காதீர்கள். பக்கத்துப் புள்ளிகள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கேம் நிலையையும் ஒரு எத்தனால் கலவையையும் முழுதாக ஒதுக்கி வைத்து, அவற்றில் பிழை 2 டிகிரிக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

மாட்லாப் கிடைக்காவிட்டால் பைத்தானும் எரிதல் வேதியியலைக் கணக்கிடும் கேன்டெராவும் போதும், இரண்டும் இலவசம். ரெஸ்யூமேயில் மென்பொருள் பட்டியலுக்கு முன்பாக, ஒதுக்கிய தரவில் வந்த பிழையையும் அது எந்த லோடில் கூடியது என்பதையும் எழுதுங்கள். நேர்காணலில் முதல் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.