சொத்துக்காக வீட்டுப் பெரியவர்களையே கொல்பவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா?

யாரோ ஒருவரை மனத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். திடீர் அக்கறை வந்தால் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான்.

உச்சிப்புளிப் பக்கம் அப்பத்தாவுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. சித்தப்பா விசைப்படகில் பங்கு போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர். தரகர் முன்பணத்தோடு வந்தபோது அப்பத்தா கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். அந்த மார்கழியில் அவருக்குக் காய்ச்சல். முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் போய் இறங்கியபோது சரியாக விடிந்திருக்கவில்லை. அப்பத்தா முற்றத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். உச்சியில் வைத்த எண்ணெய் வழிந்து தண்டட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்டா நிறையப் பச்சைத் தண்ணீர். திண்ணையில் சீவி வைத்த இளநீர், எண்ணினேன், ஏழு. ஒன்றையே பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டுகிறவர் அவர்.

"இன்றைக்கு ஞாயிறு ஆயிற்றே, எனக்கு வெள்ளிதானே முழுக்கு?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டு அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தார். "சூடு தணியட்டும் என்றுதான், மதினி" என்றார் சித்தப்பா. அதுவரை தாயார் சாப்பிட்டாரா என்றுகூட விசாரித்தறியாதவர்.

எண்ணெய் முழுக்கெல்லாம் கொலையா என்று சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முதியவர்களை விடியலில் எண்ணெய் முழுக்காட்டி, இளநீராய்க் கொடுத்துச் சாகவைக்கும் தலைக்கூத்தல் விருதுநகர்ப் பக்கத்து வழக்கம், எங்களை இழுக்காதே என்பவர்களுக்கு: 1985 வரை அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான்.

கொன்றவருக்குக் கொல்லப்பட்டவரின் சொத்து சேராது என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. தந்தையைக் கொன்ற மகனின் மனைவியும் அவர் வழியாகப் பங்கு கோர முடியாது என்று 2005-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாம் சரி, கொலை என்று வழக்குப் பதிவாக வேண்டுமே! காய்ச்சலில் கிடந்த எண்பது வயதுக் கிழவிக்குப் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று எந்த வீட்டில் கேட்பார்கள்?

அதே தோப்பில் என் பங்குக்குப் பட்டா மாற்ற மூன்று வருடமாக அலைகிறேன். சர்வேயர் வரும் நாளில் சங்கிலி இல்லை, சங்கிலி வரும் நாளில் சர்வேயர் இல்லை. நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், வயிறு எரிகிறது.

சித்தப்பாவின் பெயர் என் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சாகியிருக்கிறது. அப்பத்தா அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார். அம்மா ஊருக்கு வந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார்.