மகள் மணலை அளக்கப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

வணக்கம் ஐயா. பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. வேதியியல்தான் வேண்டும், தாது மணலில் அரிய மண் தனிமங்கள் (ரேர் எர்த்) எவ்வளவு என்று அளக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். கதிர்வீச்சு உடம்பைக் கெடுக்குமா, வேலை கிடைக்குமா என்பவை உங்கள் கேள்விகள். மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு முதல் கேள்விதான் பெரிதாக இருக்கும்.

உங்கள் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் பாதிக்கு மேல் அரிய மண் ஆக்சைடுதான். கூடவே 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடும் இருக்கிறது, கதிர்வீச்சு அதிலிருந்து வருகிறது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு தடவைக்குக் கரைப்பது ஒரு கிராமுக்கும் குறைவான மணல், அதிலிருந்து வரும் கதிர்வீச்சு சொற்பம். அங்கே நான் உண்மையில் பயப்படச் சொல்வது மணலைக் கரைக்க எடுக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கு. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். எந்த ஆய்வகத்தில் சேர்ந்தாலும், அதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, வேலை எப்படி இருக்கும்? கடற்கரையிலிருந்து வந்த மணலைக் கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியை மறுபடி குவிக்க வேண்டும். சிறு பொட்டலமாகும் வரை இதேதான். இங்கே அவசரப்பட்டால் பிறகு எத்தனை விலை உயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை. அப்புறம் அமிலத்தில் கரைப்பது. டெஃப்லான் குவளையில் கரைசல் தெளிந்து தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் பொடிப்பொடியாக நாலைந்து மணி மின்னும். அது சிர்க்கான் என்ற கனிமம், அமிலத்துக்கு லேசில் மசியாது. எர்பியம், இட்டெர்பியம் போன்ற அரிய மண் தனிமங்களில் ஒரு பங்கு அதற்குள் அடைந்து கிடக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் வரும் எண் குறைவாக இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். நல்ல வேதியியலாளர் சோடியம் பெராக்சைடோடு சேர்த்து உருக்கி, முதலிலிருந்து தொடங்குவார். தனிமங்களை எடையை வைத்துப் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியிலும் ஏமாற்றம் உண்டு. பேரியம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் யூரோப்பியம் என்ற அரிய மண் தனிமத்தின் எடையிலேயே வந்து நிற்கும். அதைக் கழிக்கத் தெரிய வேண்டும்.

உங்கள் மகளுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இருந்தால் தடுக்காதீர்கள். மணல் எடுப்பதை எதிர்க்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கும், எடுக்க வேண்டும் என்பவர்களுக்கும் நம்பகமான எண் தேவைப்படுகிறது. அதைத் தரும் இடத்தில் அந்தக் கரையிலேயே வளர்ந்த ஒரு பெண் உட்கார்ந்தால் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் உதவியாளர் நிலைக்கு மேல் போவது கடினம். ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி. வேதியியல் சேர்வது நல்லது, பகுப்பாய்வு வேதியியலில் அழுத்தம் வேண்டும். அதன் பிறகு யுபிஎஸ்சியின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வேதியியலாளர் பணிக்கு அதுதான் வாசல். கடற்கரைத் தாது மணலை ஆராயும் அணுக் கனிம இயக்குநரகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. மணல் ஆலையை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்லும் ஆள் எடுக்கும்போது அறிவிப்பு விடும். எல்லாவற்றிலும் இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே ஐசிபி-எம்எஸ் கருவியை மருந்து, உணவு, குடிநீர் ஆய்வகங்களிலும் கன உலோகம் பார்க்க வைத்திருக்கிறார்கள். மணலில் கை பழகியவருக்கு அவை சிரமமாக இருக்காது.

கல்லூரி பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆய்வகத்தில் கருவிகளை மாணவர்களே இயக்குகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா என்று அவளே கேட்கட்டும். பதில் இரண்டாவதாக இருந்தால், எவ்வளவு பெயர் பெற்ற கல்லூரியாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.