கிட்டில் நெகட்டிவ், பிசிஆரில் பாசிட்டிவ்: எதை நம்புவது?

கேள்வி: காய்ச்சல் தொடங்கிய அன்றே வீட்டில் ஆன்டிஜென் கிட் வைத்துப் பார்த்தேன், நெகட்டிவ். மூன்றாம் நாள் லேபில் கொடுத்த ஆர்டி-பிசிஆர் இன்ஃப்ளூயன்சா பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எது சரி? குணமானதும் மறுபடி டெஸ்ட் எடுக்கணுமா?

பிசிஆரை நம்புங்கள். கிட்டில் கோளாறு இருந்திருக்க வேண்டும் என்றில்லை, நீங்கள் சீக்கிரம் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கிட் தேடுவது வைரஸின் புரதத்தை. மூக்கில் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்தே கோடு விழ வேண்டும், முதல் நாள் அது பல பேருக்குப் போதாது. பிசிஆர் அப்படி இல்லை; வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, அதில் ஒரு குறிப்பிட்ட துண்டை ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதால், கணக்குப்படி 30 சுழற்சியில் ஒரே ஒரு பிரதி நூறு கோடியைத் தாண்டிவிடும். இன்ஃப்ளூயன்சா ரேபிட் கிட்டுகளின் உணர்திறன், அதாவது தொற்று உள்ளவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பது, பொதுவாக 50 முதல் 70 சதவீதம்தான். சீசன் நேரத்தில் கிட் பாசிட்டிவ் காட்டினால் பெரும்பாலும் நம்பலாம், நெகட்டிவ் காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

ரிப்போர்ட்டில் சிடி மதிப்பு (எத்தனையாவது சுழற்சியில் வைரஸ் தென்பட்டது என்பது) என்று ஒரு எண் இருந்தால், அது குறையக் குறைய வைரஸ் அதிகம் என்று அர்த்தம், ஏறக்குறைய 3.3 குறைந்தால் பத்து மடங்கு. ஆனால் ஸ்வாப்பை எவ்வளவு ஆழமாக விட்டார்கள் என்பதே இந்த எண்ணை மாற்றிவிடும், அதனால் இரண்டு லேப் எண்களை ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். (சாம்பிளை உடனே சோதிக்காவிட்டால் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், இதிலும் சொதப்புகிறவர்கள் உண்டு.) இன்னொன்று, தொற்று நுரையீரலுக்கு இறங்கிவிட்டால் மூக்கு சாம்பிள் நெகட்டிவாக வரலாம், அப்போது சளியையோ நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரையோ பார்ப்பார்கள்.

குணமானதும் மறுபடி பிசிஆர் வேண்டாம். செத்த வைரஸின் துண்டையும் அது பிடித்துக் காட்டும், உயிருள்ளதா என்று சொல்லத் தெரியாது. அதற்கு செல்களில் வைரஸை வளர்த்துப் பார்க்கணும், நாள்கணக்கில் ஆகும், வழக்கமான லேப்கள் செய்வதில்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதும் இப்போது வீண், அது உருவாகவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

இந்த ரிப்போர்ட்டோடு இன்றே மருத்துவரைக் கேளுங்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும், ஆனால் கர்ப்பிணிகள், வயதானவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுப்பார்கள்.